இடுப்பு மூட்டு வலியும் அடி இடுப்பு வலியும்: காரணம் கண்டுபிடிப்பதில் தொடங்கி அறுவை சிகிச்சை இல்லாத வழிகள் வரை

இடுப்பு வலிக்கிறது என்று சொல்பவரிடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தொடை இடுக்கில் கை வைப்பார். இன்னொருவர் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பைத் தட்டிக் காட்டுவார், அடுத்தவர் பிட்டத்தைப் பிடித்துக்கொள்வார், சிலர் அடிவயிற்றுக்குக் கீழே எங்கேயோ உள்ளே என்று தடுமாறுவார்கள். நான்கும் வேறு வேறு பிரச்சினைகள். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கிற அறிவுரை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓய்வெடுங்கள், காலை நீட்டி மடக்குங்கள், சரியாகவில்லை என்றால் ஸ்கேன் எடுங்கள்.

இதில்தான் சிக்கலே. பக்கவாட்டு வலி இருப்பவர் அந்த இடத்தை இழுத்து நீட்டும் பயிற்சி செய்தால் வலி கூடும். இடுப்பின் அடியில் தசைகள் இறுகிப்போனவர், அந்தத் தசைகளைச் சுருக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்தால் இன்னும் இறுகும். அழற்சி வகை மூட்டு வலி உள்ளவர் படுத்தே கிடந்தால் விறைப்பு ஏறும். அதனால் என்ன செய்வது என்று தேடுவதற்கு முன்னால், வலி எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் செய்வதும் முதலில் அதைத்தான், அந்த வேலையில் பாதியை நீங்களே வீட்டில் செய்து முடிக்கலாம்.

முதல் படி: காத்திருக்கக் கூடாத வலியா என்று பாருங்கள்

கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை, அல்லது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். வயதானவர்களுக்கு வீட்டுக்குள் தடுக்கி விழுந்தாலே இது நடக்கும். காய்ச்சலோடு, இடுப்பு மூட்டை அசைக்கவே விடாத வலி வந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம், இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இடுப்பு வலியோடு ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது எல்லாம் முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடுமையான வலி, ரத்தப்போக்கு, மயக்கம் வருவது போன்ற உணர்வு என்றால் கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பையன்களுக்கும் ஆண்களுக்கும் விரையில் திடீரென்று வரும் கடும் வலி விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம்; அதைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 6 மணி நேரம்தான், வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புற்றுநோய் வந்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், படுத்தாலும் உட்கார்ந்தாலும் அசைந்தாலும் மாறாத ராத்திரி வலி உள்ளவர்கள் இவர்களும் சுயமாகப் பயிற்சியில் இறங்கக் கூடாது.

குழந்தைகள் விஷயம் தனி. 4 முதல் 8 வயதுக்குள் ஒரு குழந்தை நொண்டினால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறையும் பெர்த்திஸ் நோயை நினைக்க வேண்டும், 10 முதல் 16 வயதுக்குள் என்றால் அந்தத் தலையே வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கலாம். இந்த இரண்டிலும் குழந்தை பல நேரம் முழங்காலைத்தான் காட்டும், முழங்காலை எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. நொண்டுகிற குழந்தைக்கு இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: ஒரே விரலால் காட்டுங்கள்

முன்பக்கம், தொடை இடுக்கு. இடுப்பு மூட்டு உண்மையில் இருப்பது இங்கேதான், தொடை இடுக்கின் நடுவே நல்ல ஆழத்தில். பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு தொடை எலும்பின் மேல் முனை, அது மூட்டு இல்லை. மூட்டுக்குள் பிரச்சினை உள்ளவர்கள் விரலால் காட்டாமல், கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாக ஆங்கில சி எழுத்து மாதிரி இடுப்பைப் பற்றிக் காட்டுவது வழக்கம். வலி தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்கால் வரைக்கும் போகலாம், சிலருக்கு முழங்கால் மட்டுமே வலிக்கும்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இங்கே முதல் சந்தேகம் மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்ததும் விறைப்பு, ஆனால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். சாக்ஸ் போடுவது, கால் நகம் வெட்டுவது, காரில் ஏறி இறங்குவது எல்லாம் சிரமமாகும், காலை உள்பக்கமாகத் திருப்புவதுதான் முதலில் குறையும். இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களுக்கு, அதுவும் விளையாடுகிறவர்களுக்கு, ஆழமாகக் குந்தும்போதும் தாழ்வான இருக்கையில் நெடுநேரம் உட்காரும்போதும் இடுக்கில் குத்தினால், தொடை எலும்பின் தலையோ அது பொருந்தும் கிண்ணத்தின் விளிம்போ கொஞ்சம் கூடுதலாக வளர்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாக இருக்கலாம். கிண்ணத்தின் ஓரத்தில் உள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிவதும் இதோடு சேர்ந்து வரும், அப்போது உள்ளே சொடக்குவது அல்லது சிக்கிக்கொள்வது போல இருக்கும். பந்தை உதைக்கிறவர்களுக்கு உள்தொடைத் தசை இழுத்துக்கொள்வது சாதாரணம். இருமினால் வலி கூடி, நின்றால் புடைப்பு தெரிந்தால் அது ஹெர்னியா. அது மூட்டு வலி இல்லை.

இந்த இடத்தில் தவறவே விடக் கூடாதது இரண்டு. ஓடுகிற தூரத்தைச் சட்டென்று கூட்டியவர்களுக்கு, ஓட ஓட ஏறிக்கொண்டே போகும் இடுக்கு வலி வந்தால் தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விழுந்திருக்கலாம், பொறுத்துக்கொண்டு ஓடினால் முழு முறிவாகிவிடும். அடுத்தது, ஸ்டீராய்டு மாத்திரை நிறைய நாள் சாப்பிட்டவர்கள், அதிகமாகக் குடிப்பவர்கள், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் இவர்களுக்கு எலும்புத் தலையின் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. இரண்டுமே ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும்.

பக்கவாட்டு வலி. துருத்தி நிற்கும் எலும்பின் மேல் அழுத்தினால் உயிர் போகிறது, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, மாடி ஏறும்போது வலிக்கிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் உள்ள பெண்களுக்கு இது ரொம்பவே அதிகம். முன்பெல்லாம் அங்கே உள்ள நீர்ப்பை வீங்கிவிட்டது என்று சொல்வார்கள். ஸ்கேன் பண்ணிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு பிட்டத் தசைகளை எலும்போடு கட்டும் தசைநாணில் இருக்கிறது என்று தெரிந்தது. வீட்டில் ஒரு சோதனை: சுவரை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு வலிக்கிற காலில் மட்டும் 30 நொடி நில்லுங்கள். பக்கவாட்டில் அதே வலி கிளம்பினால் தசைநாண் மேல் சந்தேகம் வலுக்கிறது. தேய்மானத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்ட எளிய வழியும் உண்டு. சாக்ஸ் போட முடியாத அளவுக்கு மூட்டு இறுகியிருந்தால் அது தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டு வலிக்காரர்கள் பொதுவாகச் சிரமமில்லாமல் சாக்ஸ் போட்டுவிடுவார்கள்.

பின்பக்கம், பிட்டம். இங்கே வலித்தால் முதலில் இடுப்பு மூட்டை மறந்துவிட்டுக் கீழ்முதுகை நினையுங்கள். முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு அழுந்தினால் வலி பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை ஓடும், கூச்சமும் மரத்துப்போவதும் சேரும். முதுகின் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுமே, அதற்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தை விரலால் காட்டினால் அது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோலியாக் மூட்டாக இருக்கலாம். பிட்டத்தின் நடுவில் வலி, உட்கார்ந்தால் கூடுகிறது என்றால் உள்ளே சயாட்டிக் நரம்பைப் பிரிஃபார்மிஸ் போன்ற தசை அழுத்துவது ஒரு காரணம். உட்காரும்போது இருக்கையில் படும் எலும்பிலேயே வலித்தால், வேகமாக ஓடும்போதும் குனியும்போதும் அதே இடம் பிடித்தால், பின்தொடைத் தசைநாண்.

இந்த பின்பக்க வலியில் வயதையும் நேரத்தையும் கவனியுங்கள். 45 வயதுக்கு முன்பே மெல்ல மெல்ல ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கும் அதிகம், ராத்திரியின் பின்பாதியில் எழுப்பிவிடுகிறது, நடந்தால் குறைகிறது, படுத்தால் குறைவதே இல்லை. இப்படி இருந்தால் அது தசைப்பிடிப்பு இல்லை, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சி நோயாக இருக்கலாம், வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல வருஷம் தைலம் தடவியே காலம் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குள் முதுகெலும்பு இறுகத் தொடங்கிவிடும்.

கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. முன்னால் அந்தரங்க எலும்புகள் சேரும் இடத்திலோ, பின்னால் சாக்ரோலியாக் மூட்டிலோ, சமயத்தில் இரண்டிலுமோ. படுக்கையில் புரள்வதும் ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றுவதும்தான் இதில் கொடுமை. குழந்தைக்கு இதனால் பாதிப்பு இல்லை, அதற்காகத் தாய் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

உள்ளே, அடி இடுப்பில். பெண்களுக்கு மாதவிடாயோடு ஏறி இறங்கும் வலி, உடலுறவில் ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் பற்றிக் கேளுங்கள், கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் இது இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் சேர்ந்தால் கருப்பை, கருக்குழாய்த் தொற்று. சினைப்பைக் கட்டி, கருப்பைத் தசைக்கட்டி இவையும் பட்டியலில் உண்டு. ஆண்களுக்கு விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விந்து வெளியேறிய பின் வலி என்று வந்தால் புராஸ்டேட் அழற்சி என்று பெயர் வைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கிற வகையில் பெரும்பாலும் கிருமியே இருப்பதில்லை.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப்போவது. சிறுநீர்ப்பை, குடல், பிறப்புறுப்பை அடியில் இருந்து தாங்கும் தசைகள் இவை, தொடர்ந்து வலியிலோ பதற்றத்திலோ இருக்கும்போது தளரவே மறந்துவிடும். உட்கார்ந்தால் எரியும், கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் மட்டும் குறையும் என்றால் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குப் போகும் புடெண்டல் நரம்பு சிக்கியிருக்கலாம். மலச்சிக்கல், குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி நோய் இவையும் இதே இடத்தில்தான் வலிக்கும், ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருப்பதும் சகஜம்.

மூன்றாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

நோட்டெல்லாம் வேண்டாம், போனில் இரண்டு வரி போதும். எப்போது வலித்தது, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், காலை விறைப்பு எத்தனை நிமிடம், தூக்கம் கலைந்ததா. அடி இடுப்பு வலி என்றால் மாதவிடாய் நாள், சிறுநீர், மலம் இவற்றையும் சேருங்கள்; இதற்கு ஒரு வாரம் போதாது, இரண்டு மூன்று சுழற்சியாவது வேண்டும். மருத்துவர் அறையில் ஐந்து நிமிடத்தில் ஞாபகப்படுத்திச் சொல்வதைவிட இந்தக் குறிப்பு எவ்வளவோ மேல்.

நான்காம் படி: ஸ்கேன் எப்போது, எதற்கு

மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்க்கிற அந்த இரண்டு நிமிடச் சோதனை பல சமயம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். அதைச் செய்யாமலேயே எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் கொஞ்சம் யோசிக்கலாம். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் லேப்ரம் கிழிசல் நிறையப் பேருக்கு இருந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் கடுமையாகத் தெரிந்தும் சாதாரணமாக நடமாடுகிறவர்கள் உண்டு, லேசான தேய்மானத்திலேயே துடிக்கிறவர்களும் உண்டு. அறிக்கையில் வரும் ஒவ்வொரு வரியும் உங்கள் வலிக்குக் காரணம் இல்லை.

ஆனால் மேலே சொன்ன எலும்புக் கீறல், எலும்பு செத்துப்போவது என்ற சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது. அழற்சி வகை என்றால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்எல்ஏ பி27 மரபணு இரண்டையும் பார்ப்பார்கள். பி27 பாசிட்டிவ் என்பதாலேயே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை.

ஐந்தாம் படி: சுமையைக் குறையுங்கள், அசைவை நிறுத்தாதீர்கள்

ஒரு காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரியாமல் இருக்க, ஊன்றிய காலின் பக்கவாட்டுத் தசைகள் பலமாக இழுக்க வேண்டும். உடல் எடையும் இந்தத் தசைகளின் இழுப்பும் சேர்ந்து மூட்டில் இறங்குவதால், சும்மா நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்குப் பாரம் விழுகிறது. 5 கிலோ குறைத்தால் மூட்டுக்குப் பத்து கிலோவுக்கு மேல் குறைவது இதனால்தான். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்: வலது இடுப்பு வலித்தால் இடது கையில் தடி, அது வலது கால் ஊன்றும்போது கூடவே தரையில் பட வேண்டும். கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் கைப்பிடி இருந்தால் சரி. பலர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், அதில் பெரிய பலன் இல்லை.

பக்கவாட்டு வலிக்காரர்களுக்கு மிச்ச எல்லாவற்றையும்விட இந்தப் படிதான் முக்கியம். கால் மேல் கால் போடாதீர்கள். ஒரு பக்கமாக இடுப்பைத் தொங்கவிட்டு நிற்காதீர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறவர்கள் இதை அறியாமலே செய்வார்கள். வலிக்காத பக்கம் படுத்தாலும் மேல்கால் முன்னால் சரிந்து விழுந்தால் அந்தத் தசைநாண் எலும்பின் மேல் இழுபட்டு அழுந்தும், அதனால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்குகிற மாதிரித் தலையணை வையுங்கள். இடுப்பின் வெளிப்பக்கத்தை இழுக்கும் நீட்டல் பயிற்சிகளை நிறுத்திவிடுங்கள். செய்யும்போது சுகமாகத்தான் இருக்கும், ராத்திரி தெரியும்.

முன்பக்க வலிக்கு ஆழமாகக் குந்துவதையும் தாழ்ந்த இருக்கையையும் கொஞ்ச காலம் தவிருங்கள், முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே முறைதான். படுக்கையில் புரளும்போது முழங்கால்களைச் சேர்த்தே வைத்துத் திரும்புவது, உட்கார்ந்து உடை மாற்றுவது, ஒரே பக்கம் கனமான பையைத் தூக்காமல் இருப்பது. இடுப்புப் பட்டை சிலருக்கு உதவும், போட்டு நடந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பின்தொடைத் தசைநாண் வலி உள்ளவர்கள் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், பின்தொடையை நீட்டி இழுக்கும் பயிற்சிகளை ஆரம்பத்தில் தொடவே கூடாது.

நடையை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் நடந்தால் அடுத்த நாள் காலை வலி கூடாமல் இருக்கிறதோ அதுதான் இப்போதைய அளவு, அங்கிருந்து மெல்லக் கூட்டுங்கள்.

ஆறாம் படி: தசையை வலுவாக்குங்கள்

முதலில் விதி. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி இருக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், பயிற்சியைக் கைவிடாதீர்கள். வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் மூன்று நாள் போதும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பக்கவாட்டு வலிக்கு: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு மேல் ஒரு பெல்ட்டைச் சுற்றிக் கட்டி, இரண்டு தொடைகளையும் வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளி 30 நொடி பிடியுங்கள், தொடை நகரக் கூடாது. ஐந்து முறை, தினமும் செய்யலாம். ஓரிரு வாரம் கழித்து முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கும் பாலம். அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது. அதுவும் பழகிய பின் ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடப்பது, படியேறுவது. கண்ணாடி முன் செய்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று தெரியும்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018ல் பிஎம்ஜே இதழில் வந்த ஓர் ஆய்வில் பக்கவாட்டு வலி உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: எதைத் தவிர்க்க வேண்டும் என்ற விளக்கத்தோடு பயிற்சி, ஒரு ஸ்டீராய்டு ஊசி, சும்மா காத்திருப்பது. எட்டாவது வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் சுமார் 77 சதவீதம், ஊசிக் குழுவில் 58, காத்திருந்தவர்களில் 29. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பயிற்சிதான் முன்னால் இருந்தது, ஊசி போட்டவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

மூட்டுத் தேய்மானத்துக்குப் பாலமும் நாற்காலிப் பயிற்சியும் அப்படியே பொருந்தும், கூடவே மேசையைப் பிடித்து நின்று காலைப் பின்னாலும் பக்கத்திலும் தூக்குவது, சீட்டை உயர்த்தி வைத்த நிலையான சைக்கிள். நீரில் நடப்பது கனம் தெரியாமல் அசைய உதவும், எடை அதிகமுள்ளவர்கள் இதிலேயே தொடங்கலாம். அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் இடுப்புத் தேய்மானத்துக்கு உறுதியாகப் பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, தாய் சீ என்ற மெதுவான சீனப் பயிற்சி, கைத்தடி எல்லாம் இருக்கின்றன.

சாக்ரோலியாக் மூட்டுக்கும் கர்ப்பகால வலிக்கும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து மென்மையாக அழுத்திப் பிடிப்பது, கையும் முழங்காலும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது ஏற்றவை. பின்தொடைத் தசைநாணுக்குப் பாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாலம் போட்டு, அப்படியே அசையாமல் பிடிப்பதில் தொடங்குங்கள்.

ஏழாம் படி: மாத்திரை, ஊசி எங்கே பொருந்தும்

வலி மாத்திரைகள் பயிற்சி செய்யவும் தூங்கவும் வழி விடும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஐபுபுரூஃபன், நாப்ராக்ஸன் வகைகள் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. மேலே தடவும் ஜெல் முழங்காலுக்கு வேலை செய்யும் அளவுக்கு இடுப்பு மூட்டுக்குச் செய்யாது, மூட்டு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. அழற்சி வகை முதுகு வலிக்கு மட்டும் இந்த மாத்திரைகளே முதல் வரிசைச் சிகிச்சை, போதவில்லை என்றால் அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் பயலாஜிக் ஊசிகள் உண்டு.

தேய்மானத்துக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரை வலியைக் குறைக்கலாம். ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போட வேண்டும், கைக்கணக்கில் குத்தினால் சரியான இடத்தில் இறங்காமல் போகலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ஹையலூரானிக் ஜெல் ஊசி, நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசி, குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகள் இந்த நான்கையும் இடுப்புத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்கிறது அதே 2019 வழிகாட்டுதல். காசு செலவழிக்க நினைத்தால் அதை நல்ல பிசியோதெரபிஸ்டிடம் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து. பக்கவாட்டு வலியில் பயிற்சி கைகொடுக்காதபோது அதிர்வலைச் சிகிச்சை சிலருக்கு உதவுகிறது.

எட்டாம் படி: அடி இடுப்பு வலிக்கான வழி

இங்கே காரணத்தைப் பொறுத்து எல்லாமே மாறும். கருக்குழாய்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், வழக்கமாக இரண்டு வாரம், துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை. பாதியில் நிறுத்தினால் பின்னாளில் கருத்தரிப்பதில் சிக்கல் வரலாம். எண்டோமெட்ரியோசிஸுக்கு வலி மாத்திரையோடு ஹார்மோன் மாத்திரைகள், ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் போன்றவை, உடனே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வேறு திட்டம். ஆண்களின் நாள்பட்ட வலிக்குக் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரையும் இடுப்பு அடித்தளப் பிசியோதெரபியும் பார்க்கலாம்.

இறுகிய அடித்தளத் தசைக்குப் பயிற்சியே தளர்த்துவதுதான். மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு உயர்வதோடு, கீழே ஆசனவாய்ப் பகுதியும் லேசாக இறங்கி விரிவதைக் கவனியுங்கள். முக்கக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. மலம் கழிக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி வைத்தால் முழங்கால் உயர்ந்து தசை தானே தளரும். சந்தேகத்துக்கு ஒவ்வொரு அரை மணிக்கும் சிறுநீர் கழிக்கப் போவதும், வெளியே போகும்போதெல்லாம் போய் வைப்பதும் சிறுநீர்ப்பையை இன்னும் பதற்றமாக்கும். இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் உள்பரிசோதனை செய்து எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று சொல்வார். உங்கள் சம்மதமில்லாமல் அது நடக்கக் கூடாது, வேண்டாம் என்று எந்த நிமிடமும் சொல்லலாம்.

நரம்பு வலிக்கு எழுதும் மாத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டாம். காரணம் தெரியாத நாள்பட்ட அடி இடுப்பு வலி உள்ள பெண்களிடம் காபாபென்டின் கொடுத்துச் செய்த ஆய்வு 2020ல் லான்செட் இதழில் வந்தது. வெற்று மாத்திரையைவிட வலி குறையவில்லை, தலைசுற்றலும் மயக்க உணர்வும்தான் கூடின. வலி மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும், அதனால் தூக்கம், மன அழுத்தம் இவற்றுக்கும் சிகிச்சை கேட்கத் தயங்காதீர்கள். வலி உங்கள் கற்பனை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் கழித்து

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் 12 வாரத்தில் ஒன்றுமே மாறவில்லை என்றால் பயிற்சியை மாற்றுவதற்கு முன் காரணத்தை மறுபடி பாருங்கள், இடம் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம். பிட்டத்து வலிக்கு இடுப்புப் பயிற்சி செய்துகொண்டே இருக்கையில் கோளாறு முதுகில் இருப்பது அடிக்கடி நடக்கிறது. மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுப் பார்ப்பது இங்கே நல்ல சோதனை: மூட்டை மரக்க வைத்தும் வலி அப்படியே இருந்தால் பிரச்சினை வேறு இடத்தில்.

தேய்மானம் முற்றி, தூக்கமும் நடையும் கெட்டு, இதெல்லாம் செய்தும் பலன் இல்லை என்றால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் செய்த பயிற்சி வீணாகாது, வலுவான தசையோடு போகிறவர்கள் சீக்கிரம் எழுந்து நடப்பார்கள். அந்தப் பேச்சு வந்தால் கடைசியாக எப்போது மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்கள் என்ற தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவே மூன்று மாதமாவது இடைவெளி இல்லாவிட்டால் புது மூட்டில் தொற்று வரும் அபாயம் கூடும்.